பிஸ்கட்டோடு வருகிறார்கள்

நேற்றுச் சாயங்காலமும் நடந்தது. மாடி வீட்டு சார் கீழே இறங்கி வந்தார். “குட்டிங்க எப்படி சார் இருக்கு?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டார். எடுத்தபோது விரலெல்லாம் தூள். உள்ளே ஆறு வாத்துக் குஞ்சுகளும் ஒரு முழு மாரி பிஸ்கட்டின் மேல் ஏறி நின்று கூத்தடித்துக்கொண்டிருந்தன. “ஆசையாப் பாத்துதுங்க, மனசு கேக்கல” என்றார். பெட்டியின் மேல் ‘பிஸ்கட் போடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மனசு கேட்காதவர்களுக்குக் கண்ணும் தெரியாதாம்.

குஞ்சுகளின் தண்ணீர்ச் சட்டியை நாள் முழுக்கச் சுத்தமாக வைத்திருக்க அருமையான உபாயம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தப் பிஸ்கட் சமாசாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

நமக்கு உயிருள்ள எதைக் கண்டாலும் பிஸ்கட் ஞாபகம் வந்துவிடுகிறது. தெரு நாய்க்குப் பிஸ்கட். ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தைக்குப் பிஸ்கட், அது அப்போதுதான் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தாலும் சரி. ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்குப் படுத்திருக்கும் பெரியப்பாவுக்கு இரண்டு பாக்கெட். கோயில் குளத்து மீன் பொரியோடு திருப்தியாகத்தான் இருந்தது, அதையும் விடவில்லை. குரங்குக்கு நாம் கொடுக்கவே வேண்டியதில்லை, அதுவே எடுத்துக்கொள்கிறது. போஸ்டரைத் தின்று வளர்ந்த மாடு மட்டும் பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு மறுபடி போஸ்டருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். தெருவில் மானம் மிச்சம் இருப்பது அதற்குத்தான்.

வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? எதிர் வீட்டு அம்மா யோசித்துப் பார்த்து, “பிஸ்கட் கூடாதா? சரி தம்பி, அப்ப ரஸ்க்கு?” என்றார். ரஸ்க்கும் வேண்டாம் என்றேன். “பால்ல ஊற வெச்சு?” மதுரையிலிருந்து சித்தப்பா போன் போட்டு, சர்க்கரை இல்லாத பிஸ்கட் வருகிறதே, அதை வாங்கிப் போடேன் என்றார். ராகி பிஸ்கட் சத்தானது என்று மச்சினி சிபாரிசு செய்தாள். பக்கத்து வீட்டுப் பொடியன் இன்னும் முன்னேறியவன். கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமைத் தான் நக்கிவிட்டு, வெறும் பிஸ்கட்டைக் குஞ்சுகளுக்குத் தந்தான். கேட்டால், “கிரீம் அதுக்கு ஆவாதுல்ல அங்கிள்” என்கிறான். வைத்திய ஞானத்தோடு கொடுத்தவன் அவன் ஒருவன்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவர்கள் யாருக்கும் குஞ்சின் வயிறு முக்கியமில்லை. உள்ளங்கையில் அந்தச் சின்ன அலகு படபடவென்று அடிக்கிறதே, அந்தக் கூச்சம்தான் வேண்டும். அது வேண்டும் என்றால் காலையில் வந்து பெட்டியைக் கழுவட்டுமே! ஒருவரையும் காணோம்.

சரி, பின்னே என்னதான் போடுகிறாய் என்பீர்கள். முதல் சில வாரங்களுக்கு நூற்றுக்கு இருபது பங்கு புரதம் உள்ள குஞ்சுத் தீவனம். கடையில் கிடைப்பது கோழிக் குஞ்சுத் தீவனம்தான். அதில் ஒரு வம்பு உண்டு. நியாசின் என்கிற பி3 வைட்டமினைக் கோழி தன் உடம்பிலேயே ஓரளவு செய்துகொள்ளும். வாத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தீவனம் கிலோவுக்கு 55 மில்லிகிராம் வேண்டும் என்று கணக்கு. குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். மருந்துக் கடையில் நியாசின் கேட்டேன். “யாருக்கு சார்? வயசு என்ன?” “ரெண்டு வாரம்.” கடைக்காரர் சீட்டு எங்கே என்றார். வாத்துக்கு என்றதும் பின்னால் நின்றவர், “பிஸ்கட் போட்டுப் பாத்தீங்களா?” என்றார். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். ஈஸ்ட் தூளில் அதே சத்து இருக்கிறது, தீவனத்தில் கலந்து கொடுக்கிறேன்.

கடலைப் புண்ணாக்கு போடலாமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல புண்ணாக்கு என்றால் சரி. பூசணம் பிடித்ததைப் போட்டால் கதை முடிந்தது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன, வாத்துக் குஞ்சுகளும் கூடவே. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசண நஞ்சு. அஃப்ளடாக்சின் என்று பின்னால் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே வாத்துக் குஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள், அதற்கு அவ்வளவு மெல்லிய ஈரல். நமுத்துப்போன பிஸ்கட்டை ‘மனுஷன் திங்க முடியாது, வாத்துக்காவது ஆகட்டும்’ என்று கொண்டுவருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். “அது வான்கோழிங்க” என்றார்கள்.

மாடி வீட்டு சார் மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. கான்ராட் லோரென்ஸ் என்ற ஆஸ்திரியக்காரர், முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் கண்ட அசையும் உருவத்தையே தாய் என்று நம்பிப் பின்னால் போகும் என்று காட்டினார். 1973-இல் நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் பின்னால் வாத்துகள் வரிசையாக நடந்தன. என் குஞ்சுகளைப் பெட்டிக்கு வெளியே விட்டால் நேரே மாடிப்படியடிக்குப் போய் நிற்கின்றன. ஈஸ்ட் கலந்தவன் இங்கே, எச்சம் துடைத்தவன் இங்கே. “ஏங்க, அந்த சாருக்கும் நோபல் குடுப்பாங்களா?” என்று மனைவி கேட்கிறாள். இந்த வீட்டில் நான் பேசுவது ஈஸ்ட் தூளோடு மட்டும்தான்.

கிராமத்தில் இந்த இழவே இல்லை. அடைக்கோழி ஒன்றின் அடியில் வாத்து முட்டையை வைத்துவிடுவார்கள். தன் முட்டை என்றால் 21 நாள், வாத்து முட்டை பொரிய 28. ஒரு வாரம் கூடுதலாக உட்கார்கிறோமே என்று கோழி கேட்பதில்லை. பொரித்த பிறகு கதகதப்பும் அதன் பொறுப்பு. கும்பகோணத்தில், வாடகை வீட்டில், அடைக்கோழிக்கு நான் எங்கே போவேன்? முதல் வாரம் பெட்டிக்குள் ஏறக்குறைய 32 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தைப் பனியில் விடியற்காலை அதற்கு பல்பு தொங்கவிட்டே ஆக வேண்டும். எலக்ட்ரிகல் கடைக்காரர் எல்.இ.டி. பல்பை எடுத்து வைத்து, “சூடே வராது சார்” என்று பெருமைப்பட்டார். எனக்குச் சூடுதான் வேண்டும் என்றேன். “வெளிச்சம்?” அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தண்ணீர்ச் சட்டிக்கு வருகிறேன். வாத்து ஒரு வாய் தீவனம் எடுத்தால் உடனே ஓடிப்போய்த் தண்ணீரில் அலகை முக்கும், இல்லாவிட்டால் விக்கிக்கொள்ளும். மூக்குத் துளை முங்கும் ஆழம் வேண்டும். ஆனால் ஆளே உள்ளே இறங்கக் கூடாது. தாயில்லாத பிஞ்சு நனைந்தால் குளிரில் விறைத்துவிடும். முக்கிய அலகை எடுத்துத் தலையை ஒரு உதறு உதறும் பாருங்கள், சுவரில் பழுப்புப் புள்ளிகள் இடுப்பு உயரத்துக்கு. தவிட்டுச் சேறு, ஈஸ்ட் வாடை, ஐந்து நிமிஷத்தில் சட்டி சாக்கடை. இதற்குத்தான் அந்த உபாயம்.

இருங்கள், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. போய்ப் பெட்டியை மூடிவிட்டு வருகிறேன். அதற்குள் ஒரு வேண்டுகோள்: உங்கள் பரணில் பழைய அறுபது வாட் குண்டு பல்பு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்ன விலை சொன்னாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.