சுங்கத் துறைக்கு ஒரு கல்யாண விண்ணப்பம்

அனுப்புநர்: பெண்ணின் அண்ணன், தஞ்சாவூர் மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு சுங்கத் துறை ஆணையர் அவர்கள், பன்னாட்டு விமான நிலையம், புது தில்லி.
பொருள்: லண்டன் மாப்பிள்ளை அனுப்பிய பார்சலை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் துறையின் பெயரில் வந்த வாட்ஸாப் செய்தி, ஞாயிறு இரவு 9.40.

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அரசாங்கத்தில் ஆள் வேலை பார்க்கிறார் என்று அறிந்து, கண் கலங்கி இதை எழுதுகிறேன். என் சித்தி மகளைப் போனில் அழைத்த தங்கள் பெண் அதிகாரி வார்த்தைக்கு வார்த்தை ‘மேடம்’ போட்டார். அலுவலக ஜன்னல்களில் ‘தள்ளி நில்லும்மா’ கேட்டே பழகியவள், அங்கேயே பாதி விழுந்துவிட்டாள்.

மீதிப் பாதி முன்பே விழுந்திருந்தது. திருமணத் தகவல் தளத்தில் கிடைத்த வரன்: எலும்பு டாக்டர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. மூன்றாம் நாளே பேச்சு வாட்ஸாப்புக்கு மாறிவிட்டது. வீடியோவில் வரச் சொன்னால் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். லண்டனில் இத்தனை பேருக்கா எலும்பு முறிகிறது என்று எனக்கே கவலை. அந்தக் குழந்தையின் போட்டோவுக்கு இவள் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அதை மட்டும் என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை.

பிறகு பார்சல். ஐஃபோன், வைர நெக்லஸ், அடியில் 50,000 பவுண்டு நோட்டுகள். முதலில் வரி 35,500 ரூபாய். கட்டியதும், ஸ்கேனில் பவுண்டு தெரிந்துவிட்டதாம். கறுப்புப் பணம் இல்லை என்ற சான்றிதழுக்கு 1,25,000. கட்டாவிட்டால் கைது. அனுப்பியவர் லண்டனில், கைது எங்கள் தெருவில். ரசீதும் வந்தது. சிங்கங்கள் சரியாக இருந்தன, ‘கவர்ன்மென்ட்’டில்தான் ஒரு எழுத்தைக் காணோம். பணம் போனது யாரோ தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு.

தாங்கள் போனில் வரி கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தபால் பார்சலுக்கு வரி இருந்தால் பட்டுவாடாவின்போது தபால்காரரே வாங்கிக்கொள்வார். கூரியர் என்றால் அந்த நிறுவனம் பில் காட்டும். 2019 நவம்பரிலிருந்து தங்கள் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் உண்டு. துறையின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அந்த டிசம்பரிலேயே வெளிநாட்டுப் பரிசுப் பார்சல் சலுகையை எடுத்துவிட்டு, உயிர் காக்கும் மருந்தையும் ராக்கிக் கயிற்றையும் மட்டும் அரசு விட்டுவைத்தது. டாக்டர் ராக்கி அனுப்பியிருக்கலாம். அப்புறம் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாதே!

பள்ளிக்கூட டீச்சரான இவள் இதையெல்லாம் எப்படி நம்பினாள்? தனி ஆள் கணக்கில் போடச் சொன்னபோது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. “ஆபீஸ் கணக்குல போடச் சொல்லியிருந்தாத்தான் அண்ணா யோசிச்சிருப்பேன்” என்றாள். இந்தப் பாடத்தை லண்டன் டாக்டர் நடத்தவில்லை. பட்டாவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மேசைக்கு அடியில் நீட்டி நீட்டி இங்கேயே படித்தது. மோசடிக்காரன் போட்ட முதலீடு ஒரு சிம் கார்டு. மற்றதை நாடு தயாராக வைத்திருந்தது.

சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் சொன்னோம். பணம் போன கையோடு சொன்னால், அது கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வழி உண்டு. இவளோ அண்ணன் திட்டுவான் என்று வாரக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. மோசடிக்காரர்கள் கணக்குப் போட்டதே இந்த வெட்கத்தை நம்பித்தான்.

ஆகவே ஒரு யோசனை. ஒரு பெண் ஏமாந்தாள் என்ற மனு மெதுவாகத்தான் நகர்கிறது. விசாரிக்கிறவர் முதலில் கேட்பது ‘ஏம்மா நம்பினே?’ என்று. அதை விட்டுவிடலாம். தங்கள் பெயரில், தங்கள் முத்திரையோடு, ஒருவன் 1,60,500 ரூபாய் சுங்க வரி வசூலித்திருக்கிறான். அதில் ஒரு பைசாகூட கஜானாவுக்கு வரவில்லை. அரசுக்கு வருவாய் இழப்பு என்று தாங்களே வழக்குப் போடுங்கள். ஆளை ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
வரி கட்டியவளின் அண்ணன்