தேய்ந்தது அத்தையின் இடுப்பு மட்டுமில்லை

மில்டன் கீன்ஸ்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதிக்கொள்வது. இங்கே இப்போது கோடைகாலம் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கம்பத்தில் திராட்சை விலை எப்படி? நம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நாளிலிருந்து, இங்கே சூப்பர் மார்க்கெட் திராட்சையை நான் மதிப்பதே இல்லை. அதில் விதையும் கிடையாது, வாசனையும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தை போனில் பேசினார்கள். உங்கள் ஸ்விஃப்டின் பின்சீட்டில் உட்கார்ந்து வீரபாண்டி கோவிலுக்குப் போய்வந்ததிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டதாம். நீங்கள் தேனிக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, 'தேய்மானம்' என்று கேட்டு வந்தீர்களாம். டாக்டரிடம் போனதும் அதே கார், அதே பின்சீட்டு! தேய்மானம் இருக்கட்டும் மாமா. அடுத்த எக்ஸ்ரே காருக்கு எடுங்கள்.

"வண்டி நல்லாத்தானடா ஓடுது" என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஷாக் அப்சர்பர் ஒரே நாளில் சாவதில்லை, மாதக்கணக்கில் தளர்ந்துகொண்டே போகும். ஓட்டுகிறவர் உடம்பும் கூடவே பழகிவிடும். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கிறது, குழி வருவது முன்கூட்டியே தெரிகிறது, உடம்பு தன்னால் தயாராகிறது. பின்சீட்டுக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதனால் ஒரு காரின் ஷாக் போய்விட்டதைக் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் அதன் டிரைவர்தான்.

இந்த நாட்டுக்காரர்கள் டிரைவரை நம்புவதே இல்லை. எம்ஓடி என்று ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். 1960இல் தொடங்கியபோது 10 வருஷம் தாண்டிய கார்களுக்கு மட்டும் இருந்தது. 1967இலிருந்து 3 வருஷம் ஆன கார்கள் வருஷம் தவறாமல் போய் நிற்க வேண்டும். நம் ஊரில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அதுவரை தகுதிச் சான்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இங்கே இன்னொரு கூத்தும் உண்டு. எந்தக் காரின் நம்பரை இணையத்தில் தட்டினாலும், அது எந்த வருஷம் எதில் தேறவில்லை என்பது வரை உலகத்துக்கே தெரியும். கம்பத்தில் இந்த வசதி வந்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் காரின் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபியே கொடுப்பார்கள்.

என் காரும் போய் வந்தது. தேறிவிட்டது, ஆனால் அடியில் ஒரு குறிப்பு: 'முன்பக்க ஷாக் அப்சர்பரில் லேசாக எண்ணெய் படர்ந்திருக்கிறது.' மாற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பரிசோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது என்பது விதி, கண்ணில் பட்டதை மரியாதையாக எழுதிக் கொடுத்துவிடுவார். உண்மையான பரிசோதனை அம்மா இங்கே வந்திருந்தபோது நடந்தது. புதிதாகத் தார் போட்ட ரோடு. பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்கள்: "ஏம்ப்பா, ரோட்டுல ஒரு குழியக் காணோம், அப்புறம் எதுக்கு வண்டி ஆடுது?" அதற்கு மேல் எந்த மெக்கானிக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

குழியே இல்லாத நாடு என்றும் நினைத்துவிடாதீர்கள். விரிசலில் இறங்கிய மழைத் தண்ணீர் குளிரில் உறைந்து விரிந்து ரோட்டைப் பிளக்கிறது. ஆனால் இங்கே குழிக்கும் தகுதி வேண்டும். பல கவுன்சில்களில் 40 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான் அது குழி. அதற்குக் குறைந்தால், வளர்ந்து வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். வேகத்தடையின் உயரம் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 100ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் இந்தியச் சாலைக் காங்கிரஸும் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று எழுதித்தான் வைத்திருக்கிறது. அந்தக் காகிதம் நம் பக்கம் வந்து சேருவதற்குள், ஊர்க்காரர்கள் மிச்ச ஜல்லியைக் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றைக் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

நான் இருக்கும் மில்டன் கீன்ஸில் ரோடுகள் கட்டம் கட்டமாக ஓடும். கட்டத்துக்குக் கட்டம் ஒரு ரவுண்டானா. மலையே இல்லாத ஊரில் மலைப்பாதை வளைவுகளை மட்டும் இறக்குமதி செய்துவிட்டார்கள். என் டிக்கியில் இருந்த பொன்னி அரிசி மூட்டை ஒவ்வொரு ரவுண்டானாவிலும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் நகர்ந்து போகும். வண்டி அந்த அளவுக்குச் சாய்கிறது என்றால் ஷாக் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாரத்தைச் சுமப்பதும் அதிர்ச்சியை வாங்குவதும் ஸ்பிரிங்கின் வேலை. ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதை அடக்குவது ஷாக். உள்ளே எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். அத்தையின் முறுக்கு அச்சை மெதுவாக அழுத்தினால் மாவு இறங்கும், வேகமாக அழுத்தினால் கைதான் வலிக்கும் இல்லையா? அதே கணக்குதான். ஆட்டம் வேகமானால் எண்ணெய் கூடுதலாக எதிர்க்கும், ஆட்டம் சூடாக மாறி அடங்கிவிடும்.

உங்கள் ஸ்விஃப்டின் முன்பக்கம் இருப்பது ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே உருப்படியாகச் சேர்ந்து, சக்கரத்தையும் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு. எர்ல் மெக்பெர்சன் என்ற எஞ்சினியர் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் காருக்காக இதை யோசித்தார். அந்தக் காரையே கைவிட்டுவிட்டார்கள். மனுஷன் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சலில் அவர் யோசனை ஏறியது. இன்றைக்கு அது கம்பத்தில் உங்கள் போர்டிகோவில் எண்ணெய் ஒழுக நிற்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக் மேல் லேசான ஈரம் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பியிருந்தால் கதை முடிந்தது. டயரை உள்ளங்கையால் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் ஓடாமல் குதித்துக்கொண்டு போயிருக்கிறது. பிரேக் போட்டதும் வண்டி மூக்கைக் குனிந்து, டேஷ்போர்டு பிள்ளையாரே எட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஒரு மூலையை அழுத்திவிட்டால், ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் தளர்ந்துவிட்டது. ஆடாததை வைத்து மட்டும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், இந்தக் காலக் கார்களின் ஸ்பிரிங் கெட்டி. நான் இங்கே வாசலில் இப்படி அழுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். கேட்டது கார் நலமா என் மனநலமா என்று தெரியவில்லை.

'டொக் டொக்' சத்தத்தை மட்டும் வைத்து ஷாக்கை மாற்றிவிடாதீர்கள். லிங்க் ராடும் புஷ்ஷும் அதே பாட்டைப் பாடும், செலவும் குறைவு. எண்பதாயிரம் கிலோமீட்டர் வாக்கில் ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். ஆனால் நம் ரோட்டுக்கு மீட்டரை நம்ப முடியாது.

மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றுதானே ஒழுகுகிறது என்று ஒன்றை மட்டும் வாங்கப் போவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் புதுசு, மறு பக்கம் பழசு என்றால் வளைவுக்கு வளைவு வண்டியின் குணம் மாறும். ஸ்ட்ரட் மேலே உட்காரும் மவுண்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஓசூரில் கேப்ரியல் தொழிற்சாலையே இருக்கிற மாநிலத்தில், பழைய ஷாக்கில் எண்ணெய் ஊற்றி வெல்டு வைக்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றவும் வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டால் ஆளை அடித்துவிடும்.

இடுப்பு வலிக்காக மட்டும் சொல்லவில்லை மாமா. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறி இறங்குகிறவர் நீங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப் வளைவில் எதிரே வரும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்கு எவ்வளவு நல்ல பிரேக்கும் பிரயோஜனமில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள், தம்பி ஓட்டட்டும். கம்பத்திலிருந்து கூடலூர் வரை போதும். முன்சீட்டில் அத்தை உட்காரட்டும், வேகத்தடை வருவதை உங்களுக்கு யாரும் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: இந்தக் கடிதத்தை அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும். இதே கடிதத்தைப் போட்டோ எடுத்து அவர்கள் வாட்ஸ்அப்புக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன், அதனால் நடுவில் எந்தப் பத்தியையும் முழுங்க முடியாது.