கிளீன் கொடுத்தும் போகாத குப்பை

கே: மழை பிடித்தால் இங்கே நெட் போய்விடும். அப்படி ஒரு நாள் புது லேப்டாப்பில் 'மேவன் கிளீன்' கொடுத்தேன், அதுவும் பிழை காட்டி நின்றுவிட்டது. இருக்கிற ஃபைலை அழிக்கக்கூடவா நெட் வேண்டும்? (அவலாஞ்சி)

ப: வேண்டும் சார். மேவனுக்குச் சொந்தமாகத் துடைக்கத் தெரியாது. அதற்கென்று ஒரு பிளக்இன் உண்டு. முதல் தடவை அதை இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்ளும். விளக்குமாறு வாங்க ஊட்டிக்குப் பஸ் ஏறுகிற கதை. உங்கள் ஊரோ 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் வாங்கிய ஊர். வானம் வெளுத்திருக்கும்போதே ஒருமுறை கிளீன், பில்டு இரண்டையும் ஓட்டிவிடுங்கள். இறங்கியதெல்லாம் '.எம்2' ஃபோல்டரில் தங்கிவிடும். பிறகு '-ஓ' சேர்த்துக் கொடுத்தால் மேவன் நெட் பக்கமே திரும்பாது. அவசரம் என்றால் ஒவ்வொரு மாட்யூலிலும் உள்ள 'டார்கெட்' ஃபோல்டரைக் கையாலேயே அழித்துவிடலாம். பிளக்இன் செய்வதும் அதைத்தான்.

கே: டாட்நெட் ப்ராஜெக்டில் நெட்6, நெட்8 என்று இரண்டு டார்கெட். நெட்6-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு கிளீன் கொடுத்தேன். 'பின்' ஃபோல்டரில் நெட்6 இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறதே? (குன்னூர்)

ப: பெயரை வெட்டிவிட்டு ஆளைத் தேடினால் எப்படி? கிளீன் என்பது இப்போது பட்டியலில் இருக்கும் டார்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அவை உருவாக்கியதாகத் தனக்குத் தெரிந்த ஃபைல்களை மட்டும் அழிக்கும். முதலில் கிளீன், அப்புறம்தான் வெட்டு. வெட்டியாகிவிட்டதால் இனி 'பின்', 'ஆப்ஜ்' இரண்டையும் கையாலேயே நீக்கிவிட்டு 'ரீஸ்டோர்' ஓட்டுங்கள்.

புது டார்கெட் சேர்க்கும்போது வருகிற 'அசெட்ஸ் ஃபைலில் இந்த டார்கெட் இல்லை' என்ற பிழைக்கும் மருந்து அதே ரீஸ்டோர்தான். 'ஆப்ஜ்'க்குள் இருக்கும் அந்த ஃபைல் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். சாதாரண கிளீன் அதைத் தொடாது. ஆத்திரத்தில் நியூகெட் கேஷை மொத்தமாகத் துடைத்துவிடாதீர்கள். அத்தனை பேக்கேஜையும் மறுபடி இறக்க வேண்டிவரும். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

கே: 'மேக் கிளீன்' கொடுத்தால் 'கிளீன் இஸ் அப் டு டேட்' என்கிறது. குப்பையோ மலையாகக் கிடக்கிறது. (கோத்தகிரி)

ப: அந்த ஃபோல்டரில் 'கிளீன்' என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும், பாருங்கள். ஃபைல் இருப்பதால் வேலை முடிந்தது என்று மேக் கையைக் கட்டிக்கொள்கிறது. மேக்ஃபைலில் '.ஃபோனி: கிளீன்' என்று ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று.

கே: நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேக்ஃபைல் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று கத்துகிறது. (எமரால்டு)

ப: வரி தொடக்கத்தில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் வந்திருக்கும். இந்தத் தலைவலிக்கு வயது ஐம்பது. 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், டேப் சரிவராது என்று சீக்கிரமே உணர்ந்துவிட்டார். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே டேப் தட்டுகிறது. 2003-ல் அவருக்கு ஏசிஎம் விருது வேறு கிடைத்தது!

கே: 'மேக் -ஜே8 கிளீன் ஆல்' சில நாள் ஓடுகிறது, சில நாள் உடைகிறது. ராசியா? (குந்தா)

ப: 'ஜே8' என்றால் எட்டு வேலை ஒரே நேரத்தில். ஒரு கை கட்டக்கட்ட இன்னொரு கை அழிக்கிறது. கிளீனைத் தனியாக ஓட்டி, அது முடிந்ததும் 'ஆல்' கொடுங்கள். ராசி சரியாகிவிடும்.

கே: விண்டோஸில் 'அழிக்க முடியவில்லை' என்றே வருகிறது. (கூடலூர்)

ப: உங்கள் புரோகிராமே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். கிரேடில் என்றால் அதன் டீமனையும் 'ஸ்டாப்' கொடுத்து நிறுத்துங்கள்.

கே: எல்லாவற்றுக்கும் 'கிட் கிளீன்' போட்டுவிட்டால் என்ன? (ஊட்டி)

ப: 'எக்ஸ்' சேர்த்துப் போட்டால், கிட்டில் சேர்க்காமல் ஒளித்து வைத்த பாஸ்வேர்டு ஃபைலும் சேர்ந்து போகும். முதலில் 'என்' போட்டு, எதெல்லாம் போகப்போகிறது என்ற பட்டியலைப் படியுங்கள். 'எஃப்' அதற்கப்புறம்.