எழுபத்தைந்து கஜத் தத்துவம்: ஒரு துணிபும் சில மறுப்புகளும்

ஒருவரிடம் நிலம் குறையக் குறைய அவர்மேல் அரசுக்கு நம்பிக்கை கூடும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்றுக்கு ஹைதராபாத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 2020 நவம்பரில் தெலங்கானா அரசு டிஎஸ்-பிபாஸ் என்ற இணையவழிக் கட்டட அனுமதி முறையைத் தொடங்கியது. அதன்படி 75 சதுர கஜம் வரையுள்ள மனையில் ஜி ப்ளஸ் ஒன் (தரைத்தளமும் ஒரு மாடியும்) வீடு கட்டுகிறவருக்கு அனுமதியே தேவையில்லை. 1 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் தீர்ந்தது. அதற்கு மேல் 600 கஜம் வரை, 10 மீட்டர் உயரத்துக்குள் என்றால், சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி. அதையும் தாண்டினால் 21 நாள் காத்திருக்க வேண்டும். நிலம் ஏற ஏறச் சந்தேகமும் ஏறுகிறது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நிலைமை நேர்மாறு. மனை குறைந்தபட்ச அளவுக்குச் சற்றுக் குறைந்தாலும் விதிவிலக்குக் கேட்டு வாரியத்தின்முன் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போகும். அங்கே சிறுமனை குற்றம், இங்கே சலுகை.

சலுகை பெற்ற அந்த மனை எப்படியிருக்கும்? 15 அடி அகலம், 45 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 675 சதுர அடி, சரியாக 75 கஜம். 2012ஆம் ஆண்டின் கட்டட விதிகள் (ஜி.ஓ. 168) முன்பக்கம் 1.5 மீட்டர் விடச் சொல்கின்றன; உயரம் 7 மீட்டருக்குள் இருந்தால் பக்கவாட்டில் ஒன்றும் விட வேண்டாம். இருபுறமும் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது பதின்மூன்றரை அடி. அதில் மூன்றடியை மாடிப்படி எடுத்துக்கொள்ளும். வாஸ்து பார்ப்பவர் அடுப்பை ஆக்கினேய மூலைக்கும் சாமியை ஈசானிய மூலைக்கும் அனுப்புவார். விட்டுவைத்த முன்பக்கத்துக்குள் தண்ணீர்த்தொட்டி, பைக், துளசி மாடம் மூன்றும் அடங்க வேண்டும். இத்தனைக்கும் இடம் கண்டுபிடிக்கிற மேஸ்திரிக்கு ஏதாவதொரு பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரலாம்.

அரசின் இந்தச் சலுகை நம்பிக்கையல்ல, அலட்சியம் என்று மறுப்பவர் உண்டு. சின்ன வீட்டைப் போய் எவன் அளப்பான் என்று விட்டுவிட்டார்களாம். ஏற்பதற்கில்லை. பதிவின்போது தந்த உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் முன்னறிவிப்பின்றி இடிக்கலாம் என்று டிஎஸ்-பிபாஸ் சட்டமே சொல்கிறது. அலட்சியக்காரன் இவ்வளவு கடுமையாக மிரட்டமாட்டான். நம்பினால் மக்கள் மூன்றாம் தளம் ஏற்றிவிடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. ஏற்றுவார்கள்தான். ஆனால் அனுமதி கட்டாயமாக இருந்த காலத்திலும் ஏற்றினார்கள். இல்லாவிட்டால் 2007இலும் 2015இலும் அபராதம் வாங்கிக்கொண்டு விதிமீறலை முறைப்படுத்தும் திட்டங்கள் ஏன் வர வேண்டும்? தமிழ்நாட்டிலும் 2024 ஜூலை முதல் 2500 சதுர அடி மனைக்குச் சுயசான்று போதுமே என்று சென்னை வாசகர் கேட்கலாம். அது சுமார் 278 கஜம். நம்பிக்கையின் பரப்பு பெரிதுதான், ஆனால் கட்டணம் கட்டடத்தின் சதுர அடியைப் பெருக்கி வாங்கப்படுகிறது. ஒற்றை ரூபாய்க்கு நம்பும் பெருந்தன்மையோடு அதை ஒப்பிட முடியாது.

உண்மையில் பரிதாபத்துக்குரியவர் 76 கஜக்காரர். அந்த ஒரு கஜத்துக்காக அவர் வரைபடம் போட்டு, கட்டணம் கட்டி, சுயசான்று எழுதி, பெரிய மனிதர்களின் வரிசையில் சேர்கிறார். ஆகவே சிறுமனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தை நம்புவதோடு நிற்காமல் அளவு நாடாவையும் கையோடு கொண்டுபோகவும். ஒரு கஜம் 9 சதுர அடி. 675ஐத் தாண்டினால் 1 ரூபாய்ப் பதிவு கிடையாது.