உண்ணியின் உறைவிடம்: ஜெஞ்சாரோம் வீடுகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

நாய் உண்ணி குறித்து மலேசியாவின் ஜெஞ்சாரோமில் நிலவும் கொள்கைகளைச் சைவ சித்தாந்த முறைப்படி பரபக்கம், சுபக்கம் எனப் பகுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பிறர் கொள்கையை முதலில் மறுக்க வேண்டும் என்பது மரபு. மறுப்பதற்கு இவ்வூரில் பஞ்சமில்லை.

முதலில் செம்பனைவாதம். ஜெஞ்சாரோம் இருக்கும் குவாலா லங்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான் என்பதால், “எல்லாம் தோட்டத்துலேருந்துதான் வருது” என்று இவர்கள் சாதிப்பார்கள். தோட்டம் எதிர்வாதம் செய்யாது என்பதே இக்கொள்கையின் பலம். நம் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணியோ காட்டை நம்பி வாழ்வதில்லை. நாய் படுக்கும் இடத்தை ஒட்டிய சுவர் அதற்குப் போதும்.

அடுத்தது மண்ணெண்ணெய்வாதம். இதன் தீவிரப் பிரிவினர் பழைய இன்ஜின் எண்ணெயைப் பூசுவர். நாயின் தோல் வெந்துபோகும். நக்கினால் நஞ்சு உள்ளேயும் போகும். சாம்பிராணிவாதிகள் வெள்ளிக்கிழமைதோறும் புகை போடுகிறார்கள். உண்ணி விரிசலுக்குள் இருந்தபடியே மணத்தை ஏற்றுக்கொள்கிறது. நகவாதிகள், பெரும்பாலும் பாட்டிமார், பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்குவர். ரத்தத்தோடு கிருமியும் தெறிக்குமே என்றால், “நாங்க பார்க்காத உண்ணியாடா?” என்பது அவர்கள் காட்டும் பிரமாணம்.

இனிச் சுபக்கம், அதாவது நம் கொள்கை. 1806இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் பழுப்பு உண்ணியை விவரித்துப் பெயர் வைத்தார். 2021இல் ஆய்வாளர்கள், வெப்பமண்டல உண்ணி தனி இனம் என்று பிரித்து, ‘லின்னேயி’ என்ற பழைய பெயரை மீட்டுத் தந்தார்கள். செய்தி ஜெஞ்சாரோம் உண்ணிகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. கடி பழையபடியே இருக்கிறது.

குஞ்சுக்கு ஆறு கால், வளர வளர எட்டு. மூன்று பருவத்திலும் நாய்மேல் ஏறி ரத்தம் குடிக்கும், ஒவ்வொரு முறையும் இறங்கிவிடும். நாய் அதற்குச் சாப்பாட்டுக் கடை. குடியிருப்பது நம் வீட்டில். வயிறு நிறைந்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலிலோ கதவு நிலையிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து காத்திருக்கும். குளிர்காலமே இல்லாத ஊரில் இந்த வேலைக்கு விடுமுறை கிடையாது.

ஆகவே நாய்க்கு மருந்து, சுவருக்குச் சிமெண்ட் என்பது நம் சித்தாந்தம். மிருக வைத்தியர் தரும் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் கொடுத்தால், பசித்து ஏறிவரும் ஒவ்வொன்றும் நாய்மேலேயே செத்து விழும். “ஒன்னும் காணோமே” என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்துவோரால்தான் உண்ணி வம்சம் தழைக்கிறது. படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலச வேண்டும். ஒட்டியிருப்பதை இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் மருந்து கூடவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு. நாய்க்குக் காய்ச்சலோ, மூக்கிலோ ஈறிலோ ரத்தமோ கண்டால் ஆராய்ச்சியை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட எர்லிக்கியா நோய் இந்த உண்ணியால்தான் பரவுகிறது.

ஒரு சிக்கல் மிச்சம். டெரஸ் வீட்டில் நடுச்சுவர் இரு குடும்பத்துக்கும் பொது. அதன் விரிசலில் இருக்கும் உண்ணி யாருடையது, சிமெண்ட் யார் செலவு என்ற வினாக்கள் அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவின் கூட்டத்துக்கு அனுப்பப்படுகின்றன. அதுவரை பக்கத்து வீட்டு நாய்க்கும் சேர்த்தே மாத்திரை வாங்கிவிடுவது மலிவு.