ஒரு தலை, மூன்று கிரீடம்

கேள்வி: முதலாம் சார்லஸ் காலத்துச் சண்டையை ‘இங்கிலாந்து உள்நாட்டுப் போர்’ என்றுதான் படித்தோம். இப்போது ‘மூன்று ராஜ்ஜியப் போர்கள்’ என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: சார்லஸ் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றுக்கும் ராஜா. ஸ்காட்லாந்து 1639-இல் ஆயுதம் எடுத்தது. அயர்லாந்து 1641-இல். இங்கிலாந்து சாவகாசமாக 1642-இல் வந்து சேர்ந்தது. கடைசியாக வந்தவர் பெயரில் போர் அமைந்துவிட்டது. பாடநூல் எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு முக்காலிதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்ததாமே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: 1637 ஜூலை 23, ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். ராஜா அனுப்பிய புதிய ஜெப நூலை வாசிக்கத் தொடங்கியதும் பெண்கள் கூச்சலிட்டார்கள், உட்கார்ந்திருந்த முக்காலிகள் பறந்தன. முதல் முக்காலியை வீசியவர் ஜென்னி கெடெஸ் என்பது பின்னால் வந்த கதை. கலவரம் நிஜம்.

மூன்று பள்ளிகளுக்கு ஒரே தலைமையாசிரியர். மூன்றுக்கும் ஒரே சீருடை என்று அவர் ஆசைப்பட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஸ்காட்லாந்தில் பிஷப் என்ற சொல்லே பிடிக்காத பிரஸ்பிட்டீரியன்கள். அயர்லாந்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இங்கிலாந்தில் பிஷப்புகள் உண்டு, அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் பியூரிட்டன்களும் உண்டு. ஒருவரைத் திருப்திப்படுத்த ராஜா எதைச் செய்தாலும் மற்ற இருவருக்குச் சந்தேகம் வரும். இவரோ ஒருவரைக்கூடத் திருப்திப்படுத்தவில்லை. மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் ராஜாவின் மத மாற்றங்களை எதிர்த்து ‘தேசிய உடன்படிக்கை’ எழுதி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள்.

கேள்வி: ஒரு ராஜாவால் இதை அடக்க முடியவில்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்குப் பாராளுமன்றம் வேண்டும். அதை அவர் 11 ஆண்டுகளாகக் கூட்டவில்லை. 1640 ஏப்ரலில் கூட்டினார். முதலில் குறைகளைக் கேளுங்கள் என்றார்கள், மூன்றே வாரத்தில் கலைத்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் மிளகை மொத்தமாகக் கடனுக்கு வாங்கி, வாங்கிய விலையைவிடக் குறைத்து ரொக்கத்துக்கு விற்றார்! முந்தைய ஆண்டுதான் மதராசில் கோட்டை கட்ட அனுமதி வாங்கியிருந்த அதே கம்பெனி. பாக்கிக்கு ராஜாவிடம் அது நெடுநாள் நடையாய் நடந்தது.

இந்த லட்சணத்தில் ஸ்காட் படை எல்லை தாண்டி நியூகாசிலைப் பிடித்தது. லண்டன் அடுப்புகளுக்கு நிலக்கரி வரும் ஊர். சமாதானம் ஆகும்வரை படையெடுத்து வந்தவர்களுக்கே நாளொன்றுக்கு 850 பவுன் படி அளப்பது என்று ஒப்பந்தம். அந்தப் பணத்துக்காக நவம்பரில் மறுபடி பாராளுமன்றத்தைக் கூட்டினார். இந்த முறை கலைந்துபோக அது தயாராக இல்லை.

கேள்வி: இதில் அயர்லாந்து எங்கே வருகிறது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சரியாக நடுவில். அங்கே கத்தோலிக்கர் நிலங்களைப் பறித்துப் புராட்டஸ்டண்டுகளைக் குடியேற்றியிருந்தார்கள். 1641 அக்டோபரில் அல்ஸ்டரில் கிளர்ச்சி வெடித்தது. குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். லண்டன் துண்டுப் பிரசுரங்கள் சிலவற்றின் கணக்கோ அங்கிருந்த மொத்தப் புராட்டஸ்டண்டுகளின் எண்ணிக்கையையே தாண்டியது. கிளர்ச்சியை அடக்கப் படை அனுப்ப வேண்டும் என்பதில் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் அபூர்வமான ஒற்றுமை. படைக்கு யார் தலைமை என்பதில்தான் தகராறு. ராஜாவிடம் படையைக் கொடுத்தால் அயர்லாந்துக்குப் போகாமல் பாராளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்துவிடும் என்று பயந்தார்கள். 1642 ஜனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதமேந்திய ஆட்களோடு அவரே சபைக்குள் நுழைந்து, அந்தப் பயம் நியாயமானதுதான் என்று நிரூபித்தார். ஐவரும் அதற்குமுன் நழுவிவிட்டார்கள்.

கேள்வி: மதச் சண்டையா, அரசியல் சண்டையா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (வாசகி, சேலம்)

பதில்: முடியாது. பிஷப் வேண்டாம் என்பது வேதம். பிஷப்பை நியமிப்பவர் ராஜா என்பது அரசியல். பிரிக்க அவர்களுக்கே தெரியவில்லை. இன்னொரு வேடிக்கை: ஸ்காட்லாந்து உடன்படிக்கைக்காரர்கள், அயர்லாந்துக் கத்தோலிக்கர், லண்டன் பாராளுமன்றத்தார் எல்லாருமே ராஜாவின் பெயரைச் சொல்லித்தான் போருக்குக் கிளம்பினார்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்துக்காரர்கள் ராஜாவைக் காசுக்கு விற்றார்களாமே? (வாசகர், காரைக்குடி)

பதில்: பாராளுமன்றத்தின் பக்கம் நின்று போரிட்டதற்கான ‘படைச் செலவு பாக்கி’ என்பது அவர்கள் வாதம். பாராளுமன்றத்திடம் போரில் தோற்ற சார்லஸ் 1646-இல் அவர்களிடம்தான் சரணடைந்தார். பிரஸ்பிட்டீரியன் முறையை இங்கிலாந்திலும் நிலைநாட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள், மறுத்தார். மறு ஆண்டு ஜனவரியில் பாராளுமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். பேசிய தொகை 4,00,000 பவுன், கிளம்புமுன் பாதி. 1648-இல் ஸ்காட்லாந்தின் ஒரு கோஷ்டி அதே ராஜாவை மீட்கப் படையெடுத்து வந்து பிரஸ்டனில் தோற்றது. விற்றதைவிட இந்த மீட்புதான் அவருக்கு ஆபத்தாக முடிந்தது. இனி இவரோடு பேச்சு வேண்டாம் என்று ராணுவம் முடிவுகட்டியது.

கேள்வி: மூன்று நாட்டு ராஜாவின் தலையை ஒரு நாடு வெட்டலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஸ்காட்லாந்தும் இதையேதான் கேட்டது. 1649 ஜனவரி 30 அன்று லண்டனில் தலை விழுந்தது. ஆணையில் 59 கையெழுத்து. எடின்பரோவை யாரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் எடின்பரோ அவர் மகனை மூன்று நாடுகளுக்கும் ராஜா என்று அறிவித்தது. பாராளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் முதலில் அயர்லாந்து போனார். டிரோஹெடாவிலும் வெக்ஸ்ஃபர்டிலும் நடந்த படுகொலைகளை வைத்து நகைச்சுவை எழுத எனக்கு மனம் வரவில்லை. பிறகு 1650-இல் ஸ்காட்லாந்து மேல் பாய்ந்து டன்பாரில் வென்றார்.

கேள்வி: கிராம்வெல்லுக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லையா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கொடுத்தார்கள், கொஞ்சம் தாமதமாக. 1658-இல் நோயில் இறந்தவரை, சார்லஸின் மகன் ஆட்சிக்கு வந்தபின் 1661-இல் தோண்டியெடுத்துத் தூக்கில் போட்டார்கள். மேல்முறையீடு வரவில்லை.