ஆடி ஒன்பது

நானும் அப்துல் கலாமும் ஒரே நாளில்தான் வேலையில் சேர்ந்தோம். 2002 ஜூலை 25, வியாழக்கிழமை. அவர் டெல்லியில், நாடாளுமன்ற மைய மண்டபத்தில். நான் திருச்சியில், விவசாய பம்புசெட் விற்கும் ஒரு சின்ன கம்பெனியின் மாடி அறையில். அவருக்கு 21 குண்டு முழங்கியது. எனக்கு முழங்கியது அப்பாயி.

"ஆடியில எவனாவது வேலையில சேருவானாடா?"

காலண்டரைப் பார்த்தேன். ஆடி 9. கம்பெனியிலிருந்து வந்த கடிதத்திலோ ஜூலை 25 என்று டைப் அடித்திருந்தது. தள்ளிப் போட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் திண்ணையைத் தேய்த்தவனுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? நல்லவேளையாக அன்றைய பேப்பர் கைகொடுத்தது.

"கலாமும் அன்னைக்குத்தான் சேர்றாரு அப்பாயி. நாட்டுக்கே தலைவரு."

"அவரு வீட்டுல பெரியவங்க யாரும் எடுத்துச் சொல்லலியா?"

அப்பா குறுக்கே வந்தார். "அவங்களுக்கு ஆடி, ஆவணியெல்லாம் கிடையாதும்மா."

"அவருக்கு இல்லாட்டி என்ன, பதவிக்கு உண்டுல்ல?"

இதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. அவருக்கு வேறு கவலை. மாநில அரசு அவரை 58 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கலாமுக்கோ 70 வயதில் புது வேலை. "நானும் ராக்கெட் விட்டிருக்கணும்" என்று பேப்பரை மடித்தார்.

அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். ஆடியில் என்ன ஆபத்து? புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப் பிரித்து வைப்பார்கள், சீர் கொடுத்துப் பெண்ணை அழைத்துப் போவார்கள். கலாம் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அழைத்துப் போகவும் ஆளில்லை, பிரித்து வைக்கவும் ஆளில்லை. "அவரு சேரலாம்" என்று அனுமதி கொடுத்தாள். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதை நினைவூட்டி, அதே அனுமதியில் நானும் தொற்றிக்கொண்டேன்.

அந்த மாதம் முழுக்க ஊரே கலாமின் தலைமுடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குக் கீழே இருந்த சலூனில், நான் சேருவதற்கு முதல் நாள் முடிவெட்டப் போனேன். கத்தரிக்கோலை என் காதருகில் நிறுத்திவிட்டு அண்ணன் கேட்டார்: "தம்பி, நாளைக்கு வெட்டிக்கிட்டு வருவாருங்கிறீங்க, அப்படியே வருவாருங்கிறீங்க?" வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் போகிறவர் வெட்டாமல் எப்படிப் போவார் என்றது ஒரு கட்சி. அந்த முடிக்குத்தான் மதிப்பே, அதை வெட்டினால் அவரை யாருக்கு அடையாளம் தெரியும் என்றது இன்னொன்று. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். இந்த முடி என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க" என்றார் அண்ணன், தொழில்முறைக் கவலையோடு. விவாதத்தின் சூட்டில் என் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. வேலைக்குப் புதுக் கிராப்போடு போனது நான். கலாம் அப்படியே வந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். முதலாளி அறையில் இல்லை. கணக்கு அறையில் 14 அங்குல டிவியைச் சுற்றி மொத்த கம்பெனியும் இருந்தது: முதலாளி, கேஷியர் அண்ணன், டைப்பிஸ்ட் அக்கா, டீ வாங்கி வரும் பையன், வாசல் காவலுக்கு இருந்த ஹவில்தார் அய்யா. "ஜாயின் பண்ண வந்தேன் சார்" என்றேன். "அவரு ஜாயின் பண்ணட்டும், அப்புறம் நீ பண்ணலாம்" என்றார் முதலாளி.

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கலாமுக்கு இருபது இருபத்தைந்து வருஷம் பின்னால் படித்தவர் அவர். அந்த இடைவெளியை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. "நம்ம காலேஜ்ல நாங்கள்லாம்" என்றே வாக்கியத்தைத் தொடங்குவார். கலாமும் அவரும் ஒரே ஹாஸ்டல் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள். ஒருவர் ஏவுகணைக்கும் ஒருவர் பம்புசெட்டுக்கும் போனது விதி. இரண்டுமே ஏதோ ஒன்றை மேலே அனுப்பும் தொழில்தான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கேஷியர் அண்ணன் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தார். அவர் தொழிற்சங்கத்துக்காரர். இடதுசாரிக் கட்சிகள் நிறுத்திய லட்சுமி சாகல்தான் அவருடைய வேட்பாளர்.

"கேப்டன் நின்னாங்களே, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்றார்.

"கேப்டன் நின்னாராண்ணே? எப்ப?" டீப் பையனின் கண்கள் விரிந்தன. "சொல்லவே இல்ல! எந்தப் படத்துல?"

அவன் நினைத்தது விஜயகாந்தை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி வேறு, அவர் டாக்டருக்குப் படித்தது நம் சென்னையில்தான் என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். முதலாளி அதில் வேறொரு லாபத்தைக் கண்டார். "அப்ப எதிர்க்கட்சியும் நம்ம ஊரா? யாரு ஜெயிச்சாலும் நமக்குத்தான்னு சொல்லுங்க!" தேர்தலையே தமிழ்நாட்டின் உள்விவகாரமாக முடித்துவிட்டார். ஏற்கெனவே திருத்தணியிலிருந்து ராதாகிருஷ்ணன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்திலிருந்து ஆர். வெங்கட்ராமன், இப்போது மூன்றாவது ஆள். இனி குடியரசுத் தலைவர் மாளிகையைத் தமிழ்நாட்டு இல்லம் என்றே அழைக்கலாம் என்பது அவர் கருத்து.

"நாம எப்பண்ணே ஓட்டுப் போட்டோம்?" என்றான் பையன். அவன் கேட்டதுதான் அன்றைக்கு அந்த அறையில் எழுந்த ஒரே அரசியல் கேள்வி.

அண்ணன் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நாம் போடுவதில்லை, நாம் தேர்ந்தெடுத்தவர்கள் போடுகிறார்கள். 1971 மக்கள்தொகையை வைத்து மதிப்பு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு 176. உத்தரப் பிரதேசத்தில் 208. சிக்கிமில் வெறும் 7. எம்.பி. என்றால் எங்கிருந்து வந்தாலும் 708. அப்படிக் கூட்டிக் கலாமுக்கு 9,22,884, கேப்டனுக்கு 1,07,366.

"என் மதிப்பு எவ்வளவுண்ணே?"

"அஞ்சு டீ. போயி வாங்கிட்டு வா."

பையன் திரும்புவதற்குள் சம்பளப் பேச்சு வந்துவிட்டது. அப்போது குடியரசுத் தலைவருக்கு மாதம் 50,000 ரூபாய். மாளிகையில் 340 அறைகள். அண்ணன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து வகுத்தார். அறைக்கு 147 ரூபாய். "பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்கு இது தேவலாம்" என்றார். டைப்பிஸ்ட் அக்காவுக்கு வகுத்தல் எல்லாம் வேண்டாம். "340 ரூமை யாரு கூட்டிப் பெருக்குறது? ஒத்தை ஆளு, என்ன சாப்பிடுவாரு?" என்று உருகினார். அவர் சைவம், தயிர்சாதம் போதும் என்று எங்கோ படித்ததை முதலாளி சொன்னதும், அக்கா இன்னும் உருகினார்.

திரையில் குதிரைப் படையினர் வந்தார்கள். பதவி முடிகிற கே.ஆர். நாராயணனும் பதவிக்கு வருகிறவரும் மைய மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். அதுவரை கதவோரம் நின்றிருந்த ஹவில்தார் அய்யா தொப்பியைச் சரி செய்துகொண்டு உள்ளே வந்தார். எங்களுக்குக் கலாம் விஞ்ஞானி, ஊர்க்காரர், காலேஜ்காரர். அவருக்கு அப்படியில்லை. முப்படைகளின் தலைமைத் தளபதி. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவருடைய பழைய கம்பெனிக்குப் புது முதலாளி வரப்போகிறார்.

தேசிய கீதம் தொடங்கியது. அய்யா விறைத்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து முதலாளி எழுந்தார். முதலாளி எழுந்ததால் நாங்கள் எழுந்தோம். சரியாக அந்த நேரம் பையன் டீயோடு உள்ளே வந்தான். ஐந்து கிளாஸ் மாட்டிய கம்பித் தூக்கை நீட்டிய கையோடு அப்படியே அசையாமல் நின்றான். கீதம் 52 வினாடிதான். ஆனால் கொதிக்கிற டீயிலிருந்து ஒரு சொட்டு அவன் கட்டை விரலில் வழிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவன் முகம் போன போக்கில் அது 52 நிமிஷம். இருந்தும் அசையவில்லை. அண்ணன் போட்ட மதிப்பை அன்றைக்கே மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும்.

தலைமை நீதிபதி பி.என். கிர்பால் உறுதிமொழி வாசிக்க, கலாம் திருப்பிச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். பிறகு நடந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது: பழையவரும் புதியவரும் எழுந்து நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இவர் இடத்தில் அவர், அவர் இடத்தில் இவர். "ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல. எங்க வீட்டுல டிவிக்கு நேரா இருக்குற சேருக்கு தினம் அடிதடி" என்றார் அக்கா.

வெளியே பீரங்கி முழங்கத் தொடங்கியது. ஹவில்தார் அய்யா விரல் விட்டு எண்ணினார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது...

கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றது, டிவி நின்றது, அய்யாவின் விரல் நின்றது. "ரெண்டு குண்டு பாக்கி" என்றார், கடன் வாங்கியவன் ஓடிப்போன மாதிரி முகத்தோடு. "அங்க போட்டிருப்பாங்கய்யா" என்று அண்ணன் சமாதானப்படுத்தினார். "போட்டிருப்பாங்க. நான் எண்ணலியே" என்றார் அய்யா. அதற்குப் பிறகு நான் அந்த கம்பெனியில் இருந்த காலம் முழுவதும், ஏதாவது நடந்ததா என்று அவரிடம் உறுதி கேட்டால், "பத்தொன்பது வரைக்கும் எனக்குத் தெரியும்" என்பார்.

இருட்டு அறையில் முதலாளிக்கு என் ஞாபகம் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் "இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாதம் 2,400 ரூபாய். உட்கார இடம் பார்த்தேன். கம்பெனியில் நாற்காலி ஐந்துதான். டெல்லியில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர், மாற்றிக்கொண்டார்கள். இங்கே மாற்றிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. முதல் வாரம் முழுக்க ஒரு மோட்டார் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன்.

எட்டாவது மாதம் பெட்டியும் போயிற்று. அந்த வருஷம் மழை பொய்த்து, காவிரி வறண்டு கிடந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. பம்புசெட் வாங்கி எதை இறைப்பது? முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, மிக மரியாதையாகக் கடையைச் சாத்தினார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மட்டும் பார்த்தாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஆடியின் மேல் விழுந்த பழியைத் துடைக்க ஆராய்ச்சியில் இறங்கினேன். பழைய இயர்புக்குகளைப் புரட்டியதில் கிடைத்தது பொக்கிஷம். 1977 ஜூலை 25-ல் சஞ்சீவ ரெட்டி பதவியேற்றார். அன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே தேதிதான்: ஜெயில் சிங், வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, நாராயணன். எல்லோரும் ஆடி மாதத்தில் சேர்ந்தவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் ஐந்து வருஷத்தையும் முடித்தவர்கள். அதற்கு முன்னால்? சித்திரைக் கடைசியில் பதவியேற்ற ஜாகிர் உசேனும், ஆவணியில் பதவியேற்ற பக்ருதீன் அலி அகமதுவும்தான் பதவிக்காலம் முடியும் முன்பே காலமானவர்கள். ஜூலை 25 என்ற தேதி வந்ததே பக்ருதீன் மறைவால் இடையில் வந்த தேர்தலால்தான். ஆக, இந்தியாவிலேயே ஆடியில் சேர்ந்தால்தான் வேலை நிலைக்கும்!

இதை அப்பாயியிடம் சொல்ல ஒரு தக்க நாளுக்காகக் காத்திருந்தேன். 2007 ஜூலை 25 வந்தது. பிரதிபா பாட்டீல் பதவியேற்றார். மறுபடி ஒரு நாற்காலி மாற்றம். இந்த முறை எழுந்து இடம் கொடுத்தவர் கலாம். வந்தபோது கொண்டுவந்த இரண்டு பெட்டிகளோடு போகிறார் என்று பேப்பரில் போட்டிருந்தது. அப்பாயிக்கு அது பெரிய மனக்குறை. "அஞ்சு வருஷம் இருந்துட்டு ஒரு பாத்திரம் பண்டம் சேர்க்கல பாரு" என்றாள்.

நான் நேரம் பார்த்து ஆராய்ச்சியை அவிழ்த்தேன். சித்திரை, ஆவணி, ஆடி, எல்லாவற்றையும் அடுக்கினேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அவரு எந்த ஊரு?" என்றாள்.

"ராமேஸ்வரம்."

"ஆடி அமாவாசைக்கு நான் போயிருக்கேன். அக்னி தீர்த்தத்துல கால் வைக்க எடம் கிடையாது. அவங்கப்பா என்ன பண்ணிக்கிட்டிருந்தாருன்னு நீதானே புத்தகத்துல படிச்சுச் சொன்ன?"

"படகு. ராமேஸ்வரத்துக்கு வந்தவங்கள தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போறது."

"அப்ப அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சதே ஆடிக் கூட்டத்துலதான்டா. அவருக்கு ஆடி தாய் மாதிரி. உங்க தாத்தா என்ன படகா விட்டாரு? சைக்கிள் கடை. நீ ஆவணியில சேரு."

நான்கு வருஷ ஆராய்ச்சி வெற்றிலைச் சாறோடு வாசலில் போய் விழுந்தது.

அந்தப் பம்புசெட் கம்பெனிக்குப் பிறகு நான் சேர்ந்த வேலைகள் எல்லாம் ஆவணியில்தான், நல்ல நேரம் பார்த்துத்தான். அவற்றில் ஒன்றிலும் நான் ஐந்து வருஷத்தை முடிக்கவில்லை. புள்ளிவிவரப்படி அது சரிதான். அப்பாயியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.